தமயந்தி வரும்போது எழுந்து நின்ற தேங்காய்கள்

மாசி மாதத்துச் செவ்வாய்ச் சந்தையில், பழனாளின் கடையில் சாக்கின்மேல் குவித்துப் போட்டிருந்த முந்நூறு தேங்காய்களும் குடுமியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு ஒன்றுபோல எழுந்து நின்றபோது, கல்மேட்டு ஜனங்களில் ஒருவரும் கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, செல்போனை நீட்டிப் படம்கூடப் பிடிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி இருக்குதப்பா" என்று மட்டும் சொன்னார்கள்.

ஏனென்றால் கல்மேடு அப்படிப்பட்ட ஊர். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரிக்குப் போகிற வழியில், வெறும் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர். வீட்டுக்கு ஓர் ஆளாவது ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஏறி ராஜஸ்தானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய், ஊரான் நிலத்திலெல்லாம் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் ஊருக்குத் திரும்பி வந்து குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பான். அங்கே எதையும் ஆழத்தை அளக்கிற அடியிலும் தண்ணீர் வரத்தை அளக்கிற இஞ்சிலும்தான் சொல்வார்கள். மருமகளுக்குக் கோபம் எண்ணூறு அடி ஆழம் என்பார்கள், மாப்பிள்ளைக்குப் புத்தி அரை இஞ்சுகூட வராது என்பார்கள். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் எழுந்து நின்றால் அதற்குக் கீழே நீரோட்டம் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கிழக்கே சூரியன் உதிக்கிற மாதிரி. முந்நூறு தேங்காய் எழுந்து நின்றால் நிறையத் தண்ணீர், அவ்வளவுதான்.

ஆனால் தேங்காய்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த தமயந்தி மட்டும் பையைக் கீழே வைக்கவில்லை. அவள் புருஷன் செங்கோடன்தான் அந்த வட்டாரத்துக்கு நீரோட்டம் பார்க்கிற ஆள், 'பாயிண்ட்' பார்க்கிறவர் என்று சொல்வார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வராமல் போனது கிடையாது. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டவரின் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, மூன்று சுற்றுச் சுற்றுவார். எழுந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவி, சூடம் கொளுத்திவிட்டு, அங்கே தண்ணீர் பீச்சியடிக்கும்வரை அந்தக் காட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள் போன ஆடிக்கும் தைக்கும் நடுவில் ஏழு காடுகளில் பாயிண்ட் காட்டி, ஏழிலும் ஆயிரம் அடிக்குப் போய் வெறும் புழுதிதான் கிளம்பியது. ஏழு தடவையும் நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்தார். பிறகு அவருடைய போன் அடிப்பது நின்றுபோனது. "கை செத்துப்போச்சு தமயந்தி" என்று ஒருநாள் சொன்னார்.

அந்த ஏழு காடுகளுக்கும் தமயந்தி கூடப் போயிருந்தாள். நூல் மில்லுக்காக வீட்டிலேயே நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. போன ஆடியிலிருந்து குனிந்து ஒரு நூல்கண்டை எடுத்தாலே மூச்சு முட்டியது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது, பேசினால் இருமல் வந்தது. உள்ளூர் டாக்டர் முதலில் வாய்வு என்றார், பிறகு ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார், கடைசியில் உடம்பைக் குறையுங்கள் என்றார். ஒரே மகளும் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டதால், மூச்சு வாங்குகிற பெண்டாட்டியை வீட்டில் தனியாக விட்டுப்போக மனசில்லாமல் செங்கோடன் அவளை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டே காட்டுக்கெல்லாம் போனார். அவள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பாள், அவர் சுற்றி வருவார், தேங்காய் எப்போதும் அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில்தான் எழுந்து நிற்கும். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர் பின்னால் வண்டியில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனது அந்த ஏழு தடவைதான். மூச்சு வாங்கினாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

சந்தையில் முதலில் விஷயத்தைப் பிடித்தவள் பழனாள். முப்பது வருஷமாகத் தேங்காய் விற்கிறவள், கண் எப்போதும் காய்மேல்தான். தமயந்தி தக்காளி வாங்க ஐந்து கடை தள்ளிப் போனதும் தேங்காய்கள் எல்லாம் பொலபொலவென்று சாய்ந்து உருண்டன. திரும்பி வந்ததும் எழுந்தன.

"இந்தா தமயந்தி, சித்த அந்தப் பக்கம் போ" என்றாள் பழனாள். போனாள். "இப்ப வா." வந்தாள். "மறுக்கா போ."

மூன்றாம் தடவை தேங்காய்கள் எழுந்தபோது, அங்கே வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்த போர் வண்டி முதலாளி அர்த்தநாரி, அந்த ஏழு காடுகளிலும் தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் புழுதியில் குளித்தவர், தமயந்தியோடு சந்தைக்கு வந்திருந்த செங்கோடனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ளே, தண்ணி பூமியில இல்லீடா! உம் பொண்டாட்டிகிட்ட இருக்குது! நாம ஏழு எடத்துல வேப்பமரத்தடியத் தோண்டியிருக்கறோம்!"

செங்கோடன் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "என்ற கை பொய் சொல்லல" என்றார். சத்தமாக, சந்தை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். தமயந்திக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. நடுச்சந்தையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கால் மணி நேரம் இரண்டு பேரும் கல்யாணக் களையோடு நின்றார்கள், ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் செங்கோடனின் முகம் மெதுவாக மாறியது. "அம்மணி, அப்படீன்னா அந்தத் தண்ணி உனக்குள்ள எங்கிருக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை. கல்மேடு அதற்குள் தன் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஏழு காட்டுக்காரர்களும் வரிசையாக வந்து செங்கோடனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்ததற்கு அடையாளமாக ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பைகளை அடுக்கி வைத்துவிட்டு, தமயந்தியை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். அவள் படியேறும்போது ஐந்நூறு பைகளுக்குள்ளும் தேங்காய் நிமிர்ந்து பைகளெல்லாம் தானாக விறைத்து நிற்கும், எடுத்துக் கொடுக்கச் சௌகரியம். மாரியம்மன் கோயில் பூசாரி, நிமிர்ந்து நிற்கிற காயை உடைத்தால் சரிபாதியாக விழாது என்று, "அம்மணி, மூணே மூணு நிமிசம் தேர்முட்டிக்கு அந்தப் பக்கம் நில்லு, ஒடச்சுட்டுக் கூப்புடறேன்" என்று தன்மையாகச் சொல்வார். டவுன் பஸ்ஸில் தேங்காய் மூட்டை ஏற்றியிருந்தால் கண்டக்டர் அவளை நடு சீட்டில் உட்காரச் சொல்வார், பாரம் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கட்டும் என்று. பழனாளுக்குத்தான் கொள்ளை லாபம். தமயந்தி வந்து நின்றால் எழுந்திருக்காத காய் உள்ளே வற்றிய காய் அல்லது அழுகல் என்று கண்டுகொண்டு, செவ்வாய் தவறாமல் அவளை வரவழைத்து, மல்லாந்து கிடக்கிற காய்களை மட்டும் பொறுக்கிக் கூடையில் எறிவாள்.

தமயந்திக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். அந்த ஊருக்கு வாழ வந்த நாள் முதலாக அவளுக்காக பஸ்ஸில்கூட ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்ததில்லை. இப்போது அவள் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மளிகைக்கடை, பூஜைக்கடை, சமையலறைக் கூடை எல்லாவற்றிலும் தேங்காய்கள் எழுந்து நின்றன. அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். நாலு அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நின்றாலும், நிமிர்ந்தே நின்றாள்.

செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. பூமிக்குள் இருக்கிற தண்ணீருக்கு வழி இருக்கிறது, ஓடும், வடியும். மனுஷ உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, "அசையாத இரு, பாயிண்ட் பார்க்கோணும்" என்றார்.

சேதி பரவி அரைமணியில் ஊரே கூடிவிட்டது. காட்டைச் சுற்றுவது போலவே செங்கோடன் தேங்காயோடு அவளைச் சுற்றினார், முதலில் வேலியோரமாக, பிறகு முற்றத்தின் நடுவாக, பிறகு கைக்கெட்டும் தூரத்தில். இடது தோள் பக்கம் காய் பாதிதான் எழுந்தது. முதுகுப் பக்கம் தடுமாறியது. வலது விலா பக்கம் வந்ததும் நட்டுக்குத்தலாக நின்றது; மார்பின் அடிப்பாகத்தில், இதயத்துக்கு வலது ஓரத்தில், நின்றதோடு இல்லாமல் தட்டாமாலை சுற்றவும் ஆரம்பித்தது. அப்படி ஒரு சுற்றலை அவர் இருபத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

"எத்தன இஞ்சு மாப்ளே?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார் அர்த்தநாரி. ஒரு முழத் தூரத்தில் குனிந்து நின்ற செங்கோடனின் முகத்தைத் தமயந்தி பார்த்தாள். இத்தனை நேரம் இத்தனை கிட்டத்தில் அவர் அவளைப் பார்த்ததே கிடையாது. அந்தப் பார்வையில் இருந்த பயம் முழுக்கத் தனக்கானது என்று தெரிந்தபோது, அவளுக்குத் தன் நோயைவிட அவர்மேல்தான் அதிகம் இரக்கம் வந்தது. அவர் மஞ்சளைக் குழைத்து, அந்த இடத்தில் சேலைமேலேயே ஒரு பொட்டு வைத்தார். கல் நடவில்லை, சூடம் கொளுத்தவில்லை.

மறுநாள் அதே சேலையோடு அவளை அர்த்தநாரியின் காரில் ஏற்றிச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மார்பைப் படமெடுத்தார்கள், இதயத்தின் வலது ஓரத்தில் வழவழவென்று ஒரு வட்ட நிழல் தெரிந்தது. சில்லென்று ஒரு பசையைத் தடவி, கருவியை விலாமேல் உருட்டி எக்கோ எடுத்தார்கள். பிறகு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து சி.டி. ஸ்கேன். நெஞ்சு அறுவை மருத்துவர் எஸ்தர், நரைமுடியை இறுக்கிக் கட்டிய, அவசரமே படாத பெண், படங்களைப் பார்த்துவிட்டு, தமயந்தியின் சேலையில் இருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"இந்தக் குறியை யாரும்மா வெச்சது?"

"எங்கூட்டுக்காரருங்க."

"எதை வெச்சுப் பார்த்தார்?"

"தேங்காய வெச்சுங்க."

"சரியாத்தான் வெச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "முதல்ல பயத்தை விடுங்க. இது புற்று இல்ல. இதயத்தைச் சுத்தி ஒரு மெல்லிசான உறை இருக்கு. நீங்க பிறக்கும்போதே அந்த உறையோட ஓரத்துல ஒரு சின்னப் பை ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அதுல தண்ணி சேர்ந்து சேர்ந்து இப்ப பெரிய சாத்துக்குடி அளவு ஆயிடுச்சு. லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான் இப்படி வரும். நிறையப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது."

"அப்படியே உட்டுட்டா என்னங்க ஆகும்?" என்று கேட்டாள் தமயந்தி. கேட்கும்போது தெருவில் எழுந்து நிற்கிற தேங்காய்கள் அவள் கண்ணுக்குள் வந்துபோயின.

"சின்னதா இருந்து தொந்தரவும் இல்லேன்னா உட்டுடலாம், வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாம். உங்களுது இதயத்தோட வலது பக்கத்தை அழுத்துதும்மா. அதான் மூச்சு வாங்குது. இன்னும் பெரிசாச்சுன்னா ஆபத்து. ஊசி போட்டுத் தண்ணியை உறிஞ்சலாம், இல்லாட்டி பையோட எடுத்துடலாம்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி கையைத் தூக்கினார். "ஊசியில உறிஞ்சினா, பை அங்கயேதானுங்க இருக்கும்? மறுக்கா ஊறாதுங்களா?"

"ஊற வாய்ப்பு இருக்கு. நிறையப் பேருக்குத் திரும்ப ஊறியிருக்கு."

"அப்ப பையையே எடுத்துடுங்க. எத்தன எடத்துல துளை போடுவீங்க?"

"விலா எலும்புகளுக்கு நடுவுல மூணு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா போகும்."

"நாங்களும் போர்க்குழியில கேமரா உட்டுத்தானுங்க பார்ப்போம்" என்றார் அர்த்தநாரி, தொழில்காரன் தொழில்காரனிடம் பேசுகிற மரியாதையோடு. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "நீங்க மருத்துவம் படிச்சிருக்கீங்களா?" "இல்லீங்க, ஆயிரத்து ஐந்நூறு அடி வரைக்கும் படிச்சிருக்கறேன்." கிளம்பும்போது டாக்டர் செங்கோடனைத் தனியாகக் கூப்பிட்டு, ஏற்காடு அடிவாரத்தில் தனக்கு ஒரு மனை இருப்பதாகவும், இந்த வேலை முடிந்ததும் ஒருநாள் வந்து தண்ணீர் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டுக்கொண்டார்.

யோசித்துச் சொல்ல ஒரு வாரம் இருந்தது. ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் ஒரு சின்ன வருத்தம். "எடுத்துட்டா அழுகக்காய நான் எப்படிக் கண்டுபுடிப்பேன்" என்று பழனாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே தன் வாயில் தானே பட்டென்று அடித்துக்கொண்டாள். தமயந்தி கோபித்துக்கொள்ளவில்லை. தனக்கும் அந்த ஆசை இருந்ததை அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அவள் உள்ளே தண்ணீர் இருக்கிறவரை அவர் கை அவளுக்குப் பக்கத்தில் பூமித் தண்ணீரைக் காட்ட முடியாது. அவளை விட்டுவிட்டுப் போகவும் அவரால் முடியாது. சந்தைக்குப் பிறகு அவர் ஒரு காட்டுக்கும் போகவில்லை. அவர் தொழிலுக்குத் திரும்ப வேண்டும், தான் அவருக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்து போக வேண்டும், வேப்பமரத்தடியில் மூச்சு வாங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். "எடுத்துருங்க" என்று மட்டும் டாக்டரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது காலை எட்டரை. செங்கோடன் அன்றைக்குக் கண் விழித்ததிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கல்மேட்டிலிருந்து வேன் பிடித்து வந்த பன்னிரண்டு போர் வண்டிக்காரர்கள் அவரோடு வராந்தாவில் நின்றார்கள். ஆளாளுக்குப் பாட்டிலை நீட்டினார்கள், அவர் தலையை ஆட்டிவிட்டார். நர்ஸ் வந்து மயக்கம் போட்டுவிடுவீர்கள் என்று திட்டினாள். அர்த்தநாரிதான் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், "பாயிண்ட் அவரு வெச்சதுங்கம்மா, தண்ணி வராம அவரு குடிக்க மாட்டாரு" என்று விளக்கினார். இதையெல்லாம் தமயந்தி பிறகுதான் கேள்விப்பட்டாள், வெவ்வேறு ஆட்கள் வாயால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் எஸ்தர் வெளியே வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. "பையை முழுசா எடுத்தாச்சு. நல்லா இருக்காங்க. பரிசோதனைக்கு அனுப்பறதுக்கு முன்னால நீங்க பார்க்கணும்னு கொண்டுவந்தேன்." குடுவையில் இருந்த தண்ணீர் கலங்கல் ஒரு துளி இல்லாமல், பாறை இடுக்கில் ஊறுகிற சுனைநீர் போல இருந்தது. பன்னிரண்டு போர் வண்டிக்காரர்களும் குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு சுத்தமான தண்ணீரை எந்த ஆழத்திலும் எடுத்ததில்லை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். செங்கோடன் அப்போதுதான் பாட்டிலை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்தபின் தமயந்திக்கு மூச்சு நாளுக்கு நாள் சரியாகிக்கொண்டு வந்தது. மூன்று துளைகளும் கடுகளவு தழும்பாக ஆறின. பார்க்க வந்த பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, வேலை சுத்தம் என்று ஆண்கள் டாக்டரைப் பாராட்டினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. தேங்காய்கள் காணாமல் போயின.

அவள் வீட்டில் ஒரு தேங்காய் இல்லை. செங்கோடன் வாங்கவே இல்லை. அவள் தெருவில் இறங்கினால் மளிகைக்கடைக்காரர் அவசர அவசரமாகக் கூடையை உள்ளே இழுத்தார். சந்தையில் பழனாள் தார்ப்பாயைப் போட்டுக் குவியலை மூடிவிட்டு, "வா தமயந்தி, நல்லாருக்கறயா?" என்று தார்ப்பாய்மேலேயே உட்கார்ந்துகொண்டு பேசினாள். பூசாரி அவள் வரும் நாளில் எலுமிச்சம்பழத்தை வைத்தே அர்ச்சனையை முடித்தார். கல்யாணப் பைகளில் தேங்காய்க்குப் பதில் சாத்துக்குடி போட்டார்கள், பிறகு அது இன்னும் மோசம் என்று யாரோ சொல்ல, மாம்பழத்துக்கு மாறினார்கள். ஊர் கூட்டம் போட்டுப் பேசியதா, இல்லை ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்ததா, தெரியாது. அவள் பக்கத்தில் ஒரு காய் தப்பித்தவறி எழுந்து நின்றுவிட்டால், அந்தச் சேதியை அவளுக்குச் சொல்கிற ஆளாகத் தான் இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் பயந்தார்கள்.

எல்லாரையும்விட அதிகம் பயந்தவர் செங்கோடன். மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேனில் நிழல் இல்லை. திரும்பி வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு என்று டாக்டர் சொன்னார். செங்கோடன் பாதி நம்பினார். மீதிப் பாதி நம்பிக்கை தேங்காயிடம் இருந்தது, அதைக் கையில் எடுத்து அவளுக்குப் பக்கத்தில் நிற்க அவருக்குத் தைரியமில்லை. பத்து வருஷம் வறண்டு கிடந்த பாறையில் திடீரென்று ஈரம் கசிவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவளுடைய தங்கை வந்து இருக்கிற வியாழக்கிழமைகளில் மட்டும் தனியாகக் காட்டுக்குப் போனார். போன இடமெல்லாம் இரண்டு இஞ்சு, இரண்டரை இஞ்சு என்று தண்ணீர் வந்தது, பேர் திரும்பியது, போன் ஓயாமல் அடித்தது. டாக்டர் எஸ்தரின் மனையிலும் நானூறு அடியில் நல்ல தண்ணீர். ஆனால் தேங்காயைக் காட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தார். "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டால், "வெயிலு அதிகம்" என்பார், "ரோடு சரியில்ல" என்பார், ஒருநாள் மழைமேகம்கூட இல்லாத வானத்தைக் காட்டி "மழ வரும்" என்றார்.

ஐந்து மாதம் தமயந்தி பொறுத்துக்கொண்டாள். தேங்காய் போடாத குழம்பு, தேங்காய் போடாத பொரியல், தினம் தினம் வெங்காயச் சட்னி. சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உடம்பிலிருந்து எடுத்த கட்டி இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆவணியில் ஒரு காலை ராக்கியண்ணன் வந்தார். ஊருக்குத் தெற்கே மேட்டில் நாலு ஏக்கர் காடு வைத்திருக்கிற மனிதர். பாயிண்ட் பார்க்கக் காட்டுக்காரர்தான் தேங்காய் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். துண்டில் சுற்றிய தேங்காயை எதிர்வீட்டு மதிலின்மேல் மரியாதையாக வைத்துவிட்டுத்தான் இவர்கள் வாசலுக்கு வந்தார். செங்கோடன் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

"இன்னைக்கே போலாமுங்க" என்றாள் தமயந்தி. கொண்டையை முடிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தும் விட்டாள். "நானும் வாறேன். எறங்கச் சொன்னா எறங்க மாட்டேன்."

ராக்கியண்ணன் வானத்தைப் பார்த்தார். செங்கோடன் கைப்பிடியைப் பிடித்து வண்டியை உதைத்துக் கிளப்பினார். துண்டைப் பிரிக்காமல் ராக்கியண்ணன் தன் வண்டியில் பின்னால் வந்தார்.

காடு மேட்டிலிருந்து தெற்கே சரிந்து இறங்கியது. வண்டிகளை மேட்டில் நிறுத்திவிட்டுப் பாதிச் சரிவு வரை இறங்கினார்கள். தமயந்தி ராக்கியண்ணனிடமிருந்து துண்டை வாங்கி, பார்க்காமலேயே உள்ளே கைவிட்டுத் தேங்காயை எடுத்து, புருஷனின் வலது கையைப் பிடித்து விரித்து அதில் படுக்கவைத்தாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"தொறங்க."

"முடியல அம்மணி."

"தொறந்து பாருங்கன்னா. எனக்கும் பயமாத்தான் இருக்குது. ரெண்டு பேரும் ஒண்ணாப் பார்த்துக்கலாம்."

இரண்டு பேரும் ஒன்றாகப் பார்த்தார்கள். தேங்காய் படுத்தே கிடந்தது. அவர் அவளுக்கு வலது பக்கம் வந்தார், மஞ்சள் வைத்த இடத்துக்கு நேராகக் கையை நீட்டினார், படுத்தே கிடந்தது. மூன்று சுற்றுச் சுற்றினார். காய் ஓர் அசைவு அசையவில்லை. தமயந்தி மூச்சை விட்டாள். ஆனால் செங்கோடனின் முகம் தெளியவில்லை; காயைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "அழுகக் காயா இருந்தா?" என்றார். "அழுகக் காய் எந்திரிக்காதே அம்மணி."

சரிவின் அடியில், காட்டின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் காட்டில், ஓரளவு தண்ணீர் கிடக்கிற ஒரு பழைய கிணறு இருந்தது. "இங்கயே நில்லுங்க, நகராதீங்க" என்று அவளுக்கும் ராக்கியண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, தேங்காயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு செங்கோடன் தனியாகக் கீழே இறங்கினார். கிணற்று மேடைக்கு அவர் போய்ச் சேர்கிறவரை தமயந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"எந்திரிச்சுதுங்கோ! காய் நல்ல காயுங்கோ!"

பிறகு அவர் ஓடிவந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், கண்ணை உள்ளங்கைக் காய்மேல் வைத்துக்கொண்டு, சோளத்தட்டைக் கட்டைகளுக்கு நடுவில் காடு முழுக்க வளைந்து வளைந்து மேட்டைப் பார்த்து ஓடிவந்தார். கிணற்றைத் தாண்டிப் பத்தடியில் காய் சாய்ந்து படுத்தது. காடு முழுக்கப் படுத்தே கிடந்தது, எங்கேயும் எழவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றபோதும், அவள் தோளில் தோள் உரசும்போதும், அது வெறும் தேங்காயாக அவர் கையில் கிடந்தது.

"இல்ல" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். "தண்ணி இல்லீங்கோ! நாலு ஏக்கராலயும் ஒரு சொட்டு இல்லீங்கோ ராக்கியண்ணா!"

தன் காட்டில் தண்ணீர் இல்லை என்று இத்தனை சந்தோஷமாக ஒருத்தர் சொல்வதை ராக்கியண்ணன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அப்புறம் தமயந்தியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், புரிந்துகொண்டு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "போவுது போங்க. வண்டி போட்டு ஏமாந்து போறதுக்கு நான் எள்ளு வெதச்சுக்கறேன்" என்றார். அந்த ஊரில் பாயிண்ட் பார்க்கிறவர் போர் போட வேண்டாம் என்று சொல்லி, காட்டுக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

தேங்காயைத் தமயந்தி வாங்கிக்கொண்டாள். வரப்போரத்துக் கல்லில் ஓங்கி ஒரே அடி. தேங்காய்த் தண்ணீரை அண்ணாந்து குடித்து, ஒரு மூடியைக் கையில் பிடித்துப் பல்லால் கடித்துத் தின்றுகொண்டே, மேட்டில் நிற்கிற வண்டியைப் பார்த்து நடந்தாள். சரிவு செங்குத்தானது, மண் பொலபொலவென்று காலடியில் சரிந்தது. பாதி தூரம் போனபிறகுதான் தான் எங்கேயும் நிற்காமல் வந்துகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. பின்னாலிருந்து செங்கோடன் இரைக்க இரைக்கக் கூப்பிட்டார்.

"சித்த மெதுவாப் போ அம்மணி, எனக்கு மூச்சு வாங்குது."

தமயந்தி நிற்கவில்லை.